திருட்டுப் போய்த் திரும்பி வந்த ஒரு காரின் ஸ்டீயரிங்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் ஒர்க்ஷாப்புக்குப் பழுதுபார்க்க வந்த இந்த வண்டி 2003 மாடல் மாருதி 800. பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், இம்மொபிலைசர் எதுவும் கிடையாது. சாவியைத் திருகினால் கரன்ட் போகும், ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் ஓடும். அந்தச் சாவி யாருடையது என்று கேட்கிற வசதி இந்த வண்டியில் இல்லை. திருடுகிறவருக்கும் அவருடைய வேலைக்கும் நடுவே இருப்பவை இரண்டே: கதவுப் பூட்டு, ஸ்டீயரிங் லாக்.

உரிமையாளர் தாம்பரம் பக்கம் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வண்டியைப் புதிதாக வாங்கியவரும் அவர்தான். பதினைந்து வருடம் முடிந்து 2018-இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தார், மறுபடி 2023-இல் புதுப்பித்தார். மனைவியை வாராவாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும். இத்தனை பழைய வண்டிக்கு முழு பாலிசி எடுப்பவர்கள் குறைவு என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேர்டு பார்ட்டி பாலிசி, நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்பைத்தான் ஏற்கும். வண்டி திருட்டுப் போனாலும், திருட்டில் உடைந்தாலும் ஒரு ரூபாய் வராது. இது அவருக்கு வண்டி போன பிறகுதான் தெரிந்தது. பழுதுச் செலவு முழுவதும் அவர் பென்ஷனிலிருந்து வர வேண்டும் என்ற நிலை, பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் குறுக்கே நின்றது.

திருட்டும் மீட்பும்

வீட்டுக்கு எதிரே தெருவில் நிறுத்தியிருந்த வண்டி இரவில் போனது. விடியற்காலையில் பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. காலையில் அதைப் பார்த்தவர் ஏதோ தவறான கழிவு என்று நினைத்து வாசலுக்கு வந்திருக்கிறார். வண்டி இல்லை.

அந்த எஸ்.எம்.எஸ்.தான் இந்த வழக்கில் பெரிய உதவி. காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது கொடுத்தார்கள், அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். திருட்டுக்கான பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 379 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) ஆகிவிட்டது. பரனூரைத் தாண்டிய வண்டி அடுத்த சுங்கச்சாவடியான ஆத்தூரில் பதிவாகவில்லை. அதனால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில் தேடச் சொன்னார்கள். சில நாளில் மதுராந்தகம் பக்கம் ஒரு கிளைச் சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டி கிடைத்தது. பேட்டரி, ஸ்டெப்னி, ஸ்டீரியோ போயிருந்தன. போலீஸ் வேறு பேட்டரி போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அப்படியே ஓட்டி வந்து நிலைய வளாகத்தில் நிறுத்தினார்கள்.

வண்டி இப்போது வழக்குச் சொத்து. மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) எழுதிக் கைப்பற்றிய பொருளை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திருப்பித் தர மாட்டார்கள். வழக்கறிஞர் மூலம் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் இடைக்கால ஒப்படைப்பு மனு போட்டார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 451, 457 பிரிவுகள். இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 497, 503. கைப்பற்றிய வண்டிகளை நிலைய வாசலில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்காமல், படம் எடுத்து, பிணை வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அதைத்தான் காட்டினார். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு கிடைத்தது.

இதில் ‘மாற்றக் கூடாது’ என்ற சொல்லை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்த ஸ்டீயரிங் லாக் என்பது திருட்டு எப்படி நடந்தது என்பதற்கான சாட்சி. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டால் அது மாற்றம்தானா? வழக்கறிஞரிடம் கேட்கச் சொன்னோம். ஓடும் நிலைக்குப் பழுதுபார்க்க அனுமதி வேண்டும் என்று தனியாக ஒரு மெமோ கொடுத்து அவர் அனுமதி வாங்கினார். அதற்குச் சில நாள் கூடுதலாக ஆனது.

முதல் முடிவு: ஓட்டி வரக் கூடாது

உத்தரவோடு நிலையத்துக்குப் போன ஆசிரியர் அங்கிருந்தே போன் செய்தார். “தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகுது. ஸ்டீயரிங்கும் திரும்புது. போலீஸே மதுராந்தகத்திலேர்ந்து ஓட்டிட்டுத்தானே வந்தாங்க. நானே மெதுவா எடுத்துட்டு வந்துடறேன்.”

அவரை ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். காரணம் இதுதான். ஸ்டீயரிங் லாக்கில் ஸ்பிரிங் தள்ளும் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. சாவியை எடுத்து ஸ்டீயரிங் வீலைச் சற்றுத் திருப்பினால் அது, வீலிலிருந்து கீழே போகும் ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் குழியில் போய் விழும். சாவி போட்டுத் திருப்பினால் உள்ளே சாவியோடு சுற்றும் கேம் என்ற பாகம் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திருடர்கள் அந்தத் துண்டைக் கழற்றுவதில்லை. வீலில் பலத்தைப் போட்டு உடைக்கிறார்கள். உடைந்த பிறகு அந்தத் துண்டு எங்கே இருக்கிறது, ஸ்பிரிங் இன்னும் தள்ளுகிறதா, கேம் பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வளாகத்தில் நின்றபடி வீல் திரும்புவது எதையும் நிரூபிக்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் (தாம்பரம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை) ஒரு குலுக்கலில் துண்டு நகர்ந்து குழியில் விழுந்தால் வீல் இறுகிவிடும். மதுராந்தகத்திலிருந்து வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது அதிர்ஷ்டம்.

கயிறு கட்டி இழுத்து வருவதையும் வேண்டாம் என்றோம். கயிற்றில் வரும் வண்டியிலும் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்தாக வேண்டும், ஆபத்து அதேதான். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டியை வரவழைத்தோம். கிளம்பும் முன் நிலைய ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் காவலர்) முன்னிலையிலேயே டிரைவர் பக்கத்தைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டோம். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஓடோமீட்டர், உடைந்த கவர், தொங்கும் வயர் எல்லாம் அதில் உண்டு.

பார்த்தபோது தெரிந்தவை

வண்டி வந்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே இது அவசரமாக இருந்தது. இக்னிஷன் சுவிட்ச்சை லாக்கின் பின்பக்கத்திலிருந்து பிடுங்கி, வயர்களை வெட்டி, ரப்பரைப் பல்லால் கடித்து உரித்தது போல் உரித்து முறுக்கியிருந்தார்கள். மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் உயிரோடு இருக்கும். அதன் செம்பு இரும்பு பிராக்கெட்டிலிருந்து விரல் அகலத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நிலைய வளாகத்தில் வண்டி தீப்பிடிக்காமல் இருந்தது நல்ல காலம்.

ஸ்டீயரிங் காலம் (column) அசெம்பிளியை, அதாவது ஷாஃப்ட்டும் அதன் வெளிக் குழாயும் சேர்ந்த தொகுதியை, சுற்றியிருக்கும் இரண்டு பாதி பிளாஸ்டிக் கவரில் கீழ்ப்பாதி நொறுங்கியிருந்தது. லாக்கின் உடல் அலுமினிய வார்ப்பு. அது கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் விண்டு, பாதி தொங்கியது. வீலை மேலும் கீழும் அசைத்தால் கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. நேராக நிற்க வேண்டிய வீல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்பக்க இடது ரிம்மில் நடைபாதைக் கல்லில் இடித்த தடம்.

எங்களிடம் வேலை பழகும் தம்பி முதலில் ஷாஃப்ட்டின் அடியில் இருக்கும் கீழ் ஜாயின்ட்டைப் பார்த்தான். “அண்ணே, வீல் கோணலா நிக்குது, ஜாயின்ட் போயிருக்கும்” என்றான். திருட்டு வண்டிகளில் பலரும் தவறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பூட்டியிருக்கும் வீலை ஒருவர் முழு பலத்தோடு திருப்பும்போது அந்த பலம் எந்த வழியாகப் போகிறது? வீலிலிருந்து அதன் ஸ்பிளைனுக்கு (வீலும் ஷாஃப்ட்டும் கவ்வும் பல் வரிகள்), அங்கிருந்து ஷாஃப்ட்டின் மேல் பாகத்துக்கு. ஷாஃப்ட்டின் குழியில் லாக்கின் துண்டு உட்கார்ந்திருப்பதால் பலம் அங்கே திசை மாறி லாக்கின் உடலுக்குப் போகிறது. அதிலிருந்து கிளாம்ப்புக்கு, பிறகு வெளிக் குழாய்க்கு, கடைசியில் குழாயை டாஷ்போர்டுக்கு அடியில் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு. லாக்குக்குக் கீழே இருக்கும் ஷாஃப்ட், ஜாயின்ட், முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் எதற்கும் அந்த பலம் போவதில்லை, ஏனென்றால் லாக் அதை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே லாக்கை உடைத்ததால் வந்த சேதத்தைத் தேட வேண்டிய இடம் லாக்குக்கு மேலும், லாக்கைச் சுற்றியும், குழாயிலும், பிராக்கெட்டிலும். கீழே சேதம் இருந்தால் அது லாக் உடைந்த பிறகு ஓட்டிய விதத்தில் வந்தது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பலமும் உண்டு. வீலைத் திருப்புகிறவர் சீட்டில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, வீலைத் தன் பக்கம் இழுப்பார் அல்லது உடம்பால் முன்னுக்குத் தள்ளுவார். இந்த அசெம்பிளி, விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் உள்ளே மடங்கும்படி செய்யப்பட்டது. ஷாஃப்ட் இரண்டு பாகமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் உடைவதற்கென்றே சிறு பிடிமானங்கள் உண்டு. அவை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. இதனால்தான் ஸ்டீயரிங் வீலைக் கழற்றும்போது சுத்தியலால் ஷாஃப்ட்டின் தலையில் தட்டக் கூடாது, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்துத்தான் எடுக்க வேண்டும். திருட்டு வண்டியில் இந்தப் பிடிமானங்கள் முழுசாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீலைப் புல்லரில் எடுத்து, லைட்–வைப்பர் காம்பினேஷன் சுவிட்ச்சைக் கழற்றி, அசெம்பிளியை மேசையில் வைத்தோம். ஜாயின்ட் நன்றாகவே இருந்தது. எல்லாப் பக்கமும் தடங்கல் இல்லாமல் மடங்கியது. ஷாஃப்ட்டின் நீளத்தை இன்னொரு 800-இன் நல்ல ஷாஃப்ட்டோடு வைத்து அளந்தோம். வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குழாயில் லாக் உட்காரும் ஜன்னல் ஒரு பக்கம் கிழிந்து விரிந்திருந்தது, அதன் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. குழாய் அந்த இடத்தில் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருந்தது. வீலில் தெரிந்த ஆட்டத்துக்கும் சாய்வுக்கும் இதுதான் காரணம். மேல் பிராக்கெட்டின் ஒரு காதும் முறுக்கிக்கொண்டிருந்தது. ஷாஃப்ட்டில் இருந்த குழியின் ஓரம் பிசிறடித்து உயர்ந்திருந்தது.

லாக்கின் இரும்புத் துண்டில் நுனி இல்லை.

என்ன மாற்றுவது என்ற முடிவு

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் மேசையிலேயே காட்டினோம். இந்த மாதிரிப் பழுதில் உரிமையாளர் கண்ணால் பார்ப்பது அவசியம். போனில் ‘விரிசல்’ என்றால் எஸ்டிமேட்டை ஏற்றச் சொல்கிற வார்த்தையாகத்தான் கேட்கும்.

செலவு குறைந்த வழி, லாக்கையே இல்லாமல் விட்டுவிடுவது. இக்னிஷன் சுவிட்ச்சை டாஷ்போர்டில் எங்காவது பொருத்தி, குழாயை அப்படியே விட்டு ஓட்டுவது. இப்படி ஓடும் வண்டிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். விரிசல் விட்ட குழாய் தினமும் வீலின் பாரத்தையும், ஏறி இறங்கும்போது வீலைப் பிடித்து எழும் ஆளின் பாரத்தையும் தாங்குகிறது. விபத்தில் அது எப்படி மடங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

லாக் செட் மட்டும் புதிதாக வாங்கிப் பழைய குழாயில் பூட்டலாம் என்பது பக்கத்துக் கடைக்காரர் யோசனை. குழாய் வட்டமாக இல்லாதபோது கிளாம்ப் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் துண்டும் குழியும் நேருக்கு நேர் வராது. வெல்டிங் வைத்து விரிசலை மூடலாம் என்றும் சொன்னார்கள். மெல்லிய குழாயில் வெல்டிங் சூடு பட்ட இடம் வளையும். உள்ளே ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் உருகும். அலுமினிய வார்ப்பை வெல்டிங்கில் ஒட்டுவது பேச்சுக்கே இடமில்லாதது.

மூன்றாவது, சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய அசெம்பிளி வாங்குவது. மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. பழைய பொருள் அங்கே நிறையக் கிடைக்கும், விலை புதியதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆசிரியருக்கு இதில்தான் மனம் இருந்தது, அது நியாயமும்கூட. நாங்கள் தயங்கியதற்கு இரண்டு காரணம். பிரித்து விற்கப்பட்ட வண்டி எதற்காகப் பிரிக்கப்பட்டது என்று தெரியாது. முன்பக்கம் மோதிய வண்டியின் அசெம்பிளியாக இருந்தால் மடங்கும் பிடிமானங்கள் ஏற்கெனவே போயிருக்கும், வெளியே பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். அடுத்தது, பில் இல்லாத பொருள். திருட்டில் வண்டியை இழந்து மீட்டவர், இன்னொருவர் வண்டியிலிருந்து திருடிப் பிரித்த பொருளை அறியாமல் வாங்கி மாட்டிக்கொண்டால், நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டிய வண்டியில் அந்தப் பொருள் இருக்கும். பில்லோடும் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடும் கிடைத்தால் பார்க்கலாம் என்றோம். அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

கடைசியில் புதிய காலம் அசெம்பிளி, முழு லாக் செட் (இக்னிஷன், இரண்டு கதவு, டிக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி), புதிய இக்னிஷன் சுவிட்ச், கவர் என்று முடிவானது. கதவுப் பூட்டுகளை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். டிரைவர் பக்கக் கதவுப் பூட்டில் எதையோ நுழைத்துத் திருப்பிய தடம் இருந்தது, ஒரிஜினல் சாவியே அதில் சிக்கியது. செலவைக் குறைக்க ரிம்மை மாற்றாமல் தட்டி நிமிர்த்திக்கொண்டோம், ஸ்டீரியோவை விட்டுவிட்டோம். அசெம்பிளி டீலரிடம் இருப்பில் இல்லாததால் ஆர்டர் போட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போனார்கள்.

வேலை

பழைய லாக்கைப் பிடித்திருப்பவை தலை இல்லாத இரண்டு போல்ட்கள். பூட்டும்போது தலை தானே முறியும்படி செய்யப்பட்டவை. ஸ்பேனரால் கழற்ற முடியக் கூடாது என்பதற்காகவே அப்படி. சென்டர் பன்ச்சை ஓரத்தில் வைத்து, கழலும் திசையில் மெல்லத் தட்டினால் வந்துவிடும். இங்கே ஒன்று வந்தது, மற்றொன்று வளைந்திருந்ததால் டிரில் போட்டு எடுத்தோம். புதிய அசெம்பிளி வாங்கும்போது பழைய லாக்கை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்கலாம். காணாமல் போன நுனியைத் தேடத்தான்.

ஷாஃப்ட்டைக் குழாயிலிருந்து உருவியபோது அது கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள இரும்புச் சில்லு, குழாய்க்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே கிரீஸில் ஒட்டிக்கொண்டு, குழிக்குச் சற்றுக் கீழே இருந்தது. வெயிலில் கிரீஸ் இளகி இடம் மாறினால் ஆப்பு போல இறுகியிருக்கும். ஆசிரியரையும் பழகும் தம்பியையும் அழைத்துக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

புதிய அசெம்பிளியை மாட்டும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். கீழே ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கமும் ஜாயின்ட்டின் போல்ட் துளையும் பொருந்தும்படி நுழைத்து, பிராக்கெட்டுகளை முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு முடுக்கி, பிறகு கீழ்ப் பிராக்கெட், அடுத்து மேல் பிராக்கெட் என்ற வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம். மேலதை முதலில் இறுக்கினால் குழாய் வளைந்தபடியே உட்கார்ந்துவிடும்.

லாக்கைப் பூட்டும் முறையில் அவசரம் காட்டக் கூடாது. சாவியை ஏ.சி.சி. நிலையில் (லாக்குக்கு அடுத்த நிலை) வைத்து, துண்டு உள்ளே இழுபட்டிருக்கும்போது குழாயில் வைக்க வேண்டும். பிறகு சாவியை லாக் நிலைக்குத் திருப்பி எடுத்து, ஷாஃப்ட்டை மெல்லச் சுற்றி, துண்டு குழியில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய போல்ட்களை மாற்றி மாற்றி, தலை முறியாத அளவுக்கு மட்டும் முடுக்கிக்கொண்டு, சாவியைப் போட்டு வீலை இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பார்த்தோம். எங்கேயும் உரசல் இல்லை. அதற்குப் பிறகுதான் தலைகளை முறித்தோம். முறித்த பிறகு தவறு தெரிந்தால் மறுபடி பன்ச்சும் டிரில்லும்தான்.

வயர்களில் முறுக்கி டேப் சுற்றும் வேலை கூடாது. சேதமான நீளத்தை வெட்டி, அதே தடிமனில் வயர் சேர்த்து, சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, புதிய சுவிட்ச்சின் கனெக்டருக்குக் கொண்டு போனோம். மெயின் ஃபியூஸையும் பார்த்தோம், அது நன்றாக இருந்தது. பேட்டரி இணைத்த பிறகு ஒவ்வொரு நிலையாகச் சோதித்தோம்: ஏ.சி.சி.யில் எது வேலை செய்கிறது, ஆன் நிலையில் எந்த விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் கொடுத்து விட்டதும் சாவி தானாகப் பின்னுக்கு வருகிறதா, லாக் நிலையைத் தவிர வேறெங்கும் சாவி வெளியே வராமல் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஓடும் வண்டியில் சாவி கழன்று வந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பின்விளைவு

முதல் ஓட்டத்தை ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் வைத்துக்கொண்டோம். வீலில் ஆட்டம் இல்லை, திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வந்தது. இடது இண்டிகேட்டர் மட்டும் திரும்பி முடிந்ததும் அணையவில்லை. வீலைக் கழற்றிப் பார்த்ததில், அதன் பின்னால் இண்டிகேட்டரை அணைக்கும் கேன்சலிங் கேம் முழுதாக உட்காராமல் இருந்தது. சரியாக வைத்ததும் தீர்ந்தது. கல்லில் இடித்த பக்கத்தில், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் தளர்வு இல்லை, அலைன்மென்ட் மட்டும் விலகியிருந்தது, சரிசெய்தோம்.

பழைய குழாய், லாக், போல்ட்கள், இரும்புச் சில்லு, வெட்டிய வயர் எல்லாவற்றையும் தேதி எழுதிய சீட்டோடு ஒரு சாக்கில் கட்டி ஆசிரியரிடம் கொடுத்தோம். அவர் நிலையத்தில் தெரிவித்தார். லாக்கையும் சில்லையும் மட்டும் மகஜர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மற்றவை அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வழக்கு நடக்கிறது.

மறுபடி திருடப்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். புதிய ஸ்டீயரிங் லாக்கும் பழையதைப் போலத்தான். பலசாலி ஒருவர் சில நிமிடத்தில் உடைப்பார். எனவே கண்ணுக்குத் தெரிகிற ஒரு கியர் லாக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கட் ஆஃப் சுவிட்ச்சும் போட்டோம். கட் ஆஃபை ஃபியூவல் பம்ப் வயரில் வைக்கத்தான் எலக்ட்ரீஷியன் சொன்னார். நாங்கள் ஸ்டார்ட்டர் வயரில் வைக்கச் சொன்னோம். பம்ப் வயரில் இருக்கும் மலிவான சுவிட்ச் ஒருநாள் பழுதானால் ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், ஸ்டார்ட்டர் வயரில் இருப்பது பழுதானால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்களே என்றால், அதற்குத்தான் கியர் லாக். அதை நியூட்ரலில் பூட்டாமல் ரிவர்ஸில் பூட்டப் பழகிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது பிராக்கெட் போல்ட்கள், ஜாயின்ட், லாக் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். எதுவும் தளரவில்லை.

மாற வேண்டியவை

இடைக்கால ஒப்படைப்பு மனுவிலேயே ‘ஓடும் நிலைக்குப் பழுதுபார்க்கவும், கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து வைக்கவும் அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இரண்டாவது தடவை நீதிமன்றம் போயிருக்க வேண்டாம். இப்போது திருட்டு வண்டி என்று யார் போன் செய்தாலும் முதலில் இதைத்தான் வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்கிறோம்.

மீட்ட வண்டியை நிலையத்துக்குக் கொண்டுவரும் முறையும் மாற வேண்டும். லாக் உடைந்த வண்டியை ஒரு காவலர் நெடுஞ்சாலையில் ஓட்டி வருவது அவர் உயிரோடு விளையாடுவது. சுற்றுவட்டாரத்தில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர்களின் எண்களை நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறோம். குறைந்தபட்சம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டாவது வளாகத்தில் நிறுத்துங்கள் என்று ரைட்டரிடம் சொன்னோம். அடுத்து வந்த ஒரு வண்டியில் அதைச் செய்திருந்தார்கள்.

எஸ்டிமேட் எழுதும் விதத்தை ஒர்க்ஷாப்பில் மாற்றியிருக்கிறோம். திருட்டு வண்டி என்றால் ‘லாக் செட்’ என்று ஒரு வரி எழுதி விலை சொல்வதில்லை. வீல், ஸ்பிளைன், ஷாஃப்ட், குழாய், பிராக்கெட் ஆகியவற்றைக் கழற்றிப் பார்க்கும் கூலியை மட்டும் முதலில் சொல்கிறோம், மீதி விலை அதைப் பார்த்த பிறகு. முழு பாலிசி உள்ளவர்களாக இருந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் வரை படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கழற்றிய பிறகு தெரியும் சேதத்துக்குத் துணை எஸ்டிமேட் வரும் என்று அவரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.